மொகிலி ஏற்றத்துக்கு முந்தின நாள்

சித்தூர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தும் யமுனா பாகாலா ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாள். அண்ணன் அப்படித்தான் சொல்லியிருந்தான். "பாகாலால எறங்கிடு. நான் வண்டி எடுத்துகினு வரேன். வர்ற வழில நீயே காது குடுத்துக் கேளு." போனில் அவன் பேசியது உத்தரவு மாதிரி இருந்தது. உத்தரவுக்கு அடியில் ஒரு கெஞ்சல் ஒளிந்திருந்தது. ஐந்து வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்த கிஷோருக்குக் கெஞ்சவும் வரும் என்பது அவளுக்குப் புதுசு.

ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் அந்த வெள்ளைக் கார் நின்றது. ஆறு வருடப் பழைய பெட்ரோல் கார். தூரத்திலிருந்து பார்த்தால் ரிடையர் ஆன வாத்தியார் யாரோ ஓட்டுவது போல அடக்கமாக இருக்கும். கிஷோர் சாவியைத் திருப்பினால்தான் அதன் சுயரூபம் தெரியும். பின்னால் பெரிய சைலன்ஸர் பைப். பானட்டைத் தூக்கினால், பழைய பிளாஸ்டிக் டப்பா இருந்த இடத்தில் குடம் போன்ற திறந்த ஏர் ஃபில்டர். குவைத்தில் பணக்காரப் பையன்களின் கார்களைப் பிரித்து மேய்ந்து, இன்னும் வேகமாக ஓடும்படி மாற்றித் தரும் ஒரு கராஜில் அவன் வேலை செய்திருந்தான். அங்கே கற்றதையெல்லாம் இந்த வண்டியில் இறக்கியிருந்தான். சித்தூர் முருக்கம்பட்டில் சொந்தமாக ஒரு கராஜ் போட வேண்டும் என்பது அவன் ஆசை. இந்த வண்டிதான் அதற்குப் போர்டு.

"ஏறு," என்றான். "ஒண்ணும் சொல்லாத. மேடு வரட்டும்."

சமதரையில் வண்டி அழகாகத்தான் போயிற்று. பூதலப்பட்டு பக்கம் முதல் மேடு வந்தது. கிஷோர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். வண்டி முன்னால் பாய்வதற்குப் பதிலாக விக்கிற்று. ஒரு தடவை, இரண்டு தடவை. கொடுத்த சாப்பாட்டை முழுங்க முடியாத பிள்ளை மாதிரி தலையை ஆட்டியது. அப்புறம் எப்படியோ ஏறிவிட்டது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"மிஸ்ஸிங் அடிக்குது. மூணு வாரமா இப்படித்தான். நாளுக்கு நாள் ஜாஸ்தி ஆவுது. கம்ப்யூட்டர் டியூனிங் பண்ணாம ஆவாதுன்னு தோணுது. பெங்களூர்ல ஒருத்தர் கிறாரு. வண்டிய ஒரு வாரம் உட்டுட்டு வரணும்."

"ஒரு வாரமா? அப்போ ஞாயித்துக்கெழம?"

"அதான் உன்ன இட்டுகினு போறேன். வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. படிக்கறவ நீதான."

ஞாயிற்றுக்கிழமை விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பத்தின் பிள்ளை சந்திரசேகர் தன் சிவப்புக் காரை மாற்றி அமைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். கிஷோரின் வண்டியை மொகிலி மலை ஏற்றத்தில் தானே ஓட்டிப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் தன் காரைக் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தான். அவன் கொடுத்தால் அவனோடு சுற்றும் நாலு பேரும் கொடுப்பார்கள். கராஜ் காலூன்றிவிடும். கொடுக்காவிட்டால் குவைத். பழைய முதலாளி விசா எடுத்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லு என்று கேட்டிருந்தார். அம்மா ரத்னம்மா இதைப்பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் பதினைந்து நாளாக வீட்டில் கிஷோருக்குப் பிடிக்காத குழம்பு வைக்கப்படவே இல்லை.

யமுனா திருப்பதியில் ஒரு கார் ஷோரூமில் பில் போடுகிறவள். ஹாஸ்டலில் தங்கி, சாயங்காலங்களில் வண்டிகளின் எலெக்ட்ரானிக்ஸ் பற்றிய வகுப்புக்குப் போகிறாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பாடம் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் நடக்கும். அவள் அதைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, எழுதியது சரியா என்று ஒரு தடவை சந்தேகப்பட்டு, பிறகுதான் தூங்குவாள்.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஒரு சென்ஸார் அளந்து சொல்லும். அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் விடும். இவ்வளவுதான் கதை. கிஷோரின் வாதம், புது ஃபில்டரும் புது சைலன்ஸரும் காற்றை அள்ளி அள்ளி விடுகின்றன, பழைய கணக்கில் பழகிய கம்ப்யூட்டர் திணறுகிறது, ஆகவே அதன் கணக்கையே திருத்தி எழுத வேண்டும் என்பது. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் சார் வேறு மாதிரி சொல்லியிருந்தார். ஃபில்டரும் சைலன்ஸரும் மட்டும் மாற்றினால் கம்ப்யூட்டர் தானே சமாளித்துக்கொள்ளும், எஞ்சினின் உள்ளே கை வைத்தால்தான் டியூனிங் கட்டாயம் என்று. சார் சொன்னது எல்லா வண்டிக்குமா, இந்த வண்டிக்குமா? அதைக் கேட்காமல் விட்டது யமுனாவின் தப்பு என்று அவளுக்கே தோன்றிற்று.

சனிக்கிழமை காலையில், வகுப்பிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த ஸ்கேனரை வண்டியில் செருகினாள். கம்ப்யூட்டர் தன் கணக்கிலிருந்து எவ்வளவு விலகி, கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். ஐந்துக்குள் இருந்தால் ஆரோக்கியம். இந்த வண்டியில் இருபத்திரண்டு காட்டிற்று.

கிஷோர் எட்டிப் பார்த்தான். முகத்தில் கவலையோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. "பார்த்தியா? இருபத்திரண்டு. தவிக்குது பாவம். நான் போட்ட ஃபில்டர் அவ்ளோ காத்து இழுக்குது."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? இன்னா இருக்கலாம்? எதுனா ஒண்ணு சொல்லு."

டியூனிங் வேண்டும் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று, அண்ணனும் போனான். வேண்டாம் என்று சொல்லி, மொகிலி ஏற்றத்தில் வண்டி விக்கினால் அப்போதும் அண்ணன் போனான். அவளுக்கு 'வேண்டாம்' என்று சொல்லத்தான் ஆசை. அதுதான் பயமாக இருந்தது. நாக்குக்கு இனிக்கிற பதிலை நம்பக் கூடாது என்று அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் அவள் தப்பாக எழுதிய பதில்கள் எல்லாமே எழுதும்போது இனித்தவைதான்.

வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "பழைய ஃபில்டர் டப்பா எங்கண்ணா?" என்றாள்.

"எதுக்கு?"

"அதையே திரும்ப மாட்டிப் பாக்கலாம். உன் ஃபில்டராலதான் இந்த நம்பர் ஏறிச்சுன்னா, அத எடுத்தா பாதியாவது எறங்கணும்."

கிஷோர் தலையைச் சொறிந்தான். டப்பா சமையல்கட்டில் இருந்தது. அதில் வெங்காயம் இருந்தது. இரண்டு பக்கமும் காற்று போகிற ஓட்டை வைத்த டப்பா வெங்காயத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது என்று ரத்னம்மா அதைக் கைப்பற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"வெங்காயத்த எங்க கொட்றது?" என்றாள் ரத்னம்மா.

"தரையில கொட்டு மா. ஒரு மணி நேரம்."

"வெலை கொடுத்து வாங்கின சாமான கழட்டிட்டு, வெங்காய டப்பாவ மாட்றியா? இதுக்குத்தான் கொவைத்து போனியா?"

"படிச்ச பொண்ண கேளு. நான் இன்னா பண்ணட்டும்."

டப்பாவைக் கழுவி, துடைத்து, மாட்டினார்கள். சித்தூரைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார்கள். வண்டிக்குள் லேசாக வெங்காய வாசனை. யமுனா ஸ்கேனரைப் பார்த்தாள். இருபத்தொன்று.

"எறங்கல," என்றாள்.

"எறங்கல," என்றான் அவனும். அவன் குரலில் இருந்த பெருமை போய்விட்டது. "அப்போ எங்கையோ வேற கோளாறு கீது."

"ஆமா. உன் ஃபில்டர் மேல தப்பில்ல. நீ போட்டதுக்கு முன்னாடி இருந்த ஒண்ணு, இப்பவும் இருக்கற ஒண்ணு. அதுதான் தப்பா சொல்லுது."

இரண்டு பேருமே ஒரே நேரத்தில் எஞ்சினைக் குனிந்து பார்த்தார்கள். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே, குழாயில் செருகியிருந்தது காற்றை அளக்கும் சென்ஸார். கிஷோர் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி அதை வெளியே எடுத்தான். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி. பளபளவென்று இருக்க வேண்டியது. காபி டம்ளரின் அடியில் பிடித்த கறை மாதிரி பழுப்பு ஏறி இருந்தது.

"ரோட்டுத் தூசி இந்தக் கலர்ல வராது," என்றான் கிஷோர். மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தான். அவன் முகம் மெல்ல மாறிற்று. சென்ஸாரைத் தங்கையிடம் நீட்டினான்.

யமுனாவும் முகர்ந்தாள்.

சாம்பிராணி.

இருவரும் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்கள். அங்கே ரத்னம்மா தரையில் கொட்டிய வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதல் பொட்டு அதற்குத்தான். மிக்ஸிக்கு வைத்தாள், கேஸ் சிலிண்டருக்கு வைத்தாள், யமுனாவின் செல்போனுக்குக்கூட வைத்தாள். கிஷோர் அந்த ஃபில்டரை மாட்டிய அன்று பானட்டைத் தூக்கிக் காட்டியபோது, ரத்னம்மாவின் கண்ணுக்கு அது கலசம் மாதிரியே பட்டிருக்கிறது. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தி சுற்றி, சாம்பிராணி காட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகை மேலே போகவில்லை. வளைந்து, நெளிந்து, அந்தக் கலசத்துக்குள்ளேயே போயிற்று. ரத்னம்மாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இழுக்குது பாரு டா," என்றாள். "சாமி ஏத்துகினாரு."

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் கிஷோர் வண்டியைச் சூடுபடுத்தும் நேரம் பார்த்து, அவள் நெருப்புக் கரண்டியோடு வந்து நிற்பாள். மஞ்சளை அவன் அப்புறம் துடைத்துவிடுவான். புகையை எப்படித் துடைப்பது?

"நீ ஏண்ணா ஒண்ணும் சொல்லல?"

கிஷோர் சென்ஸாரைக் கையில் உருட்டினான். "அஞ்சு வருசம் அம்மா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம என் போட்டோவுக்கு சாம்பிராணி காட்டிகினு இருந்துச்சாம். போட்டோ எங்க இழுக்கப் போவுது? இது இழுத்துச்சு. அம்மா முகத்தப் பார்த்தா எனக்கு வாய் வரல. கொஞ்சம் பொகைதான, இன்னா ஆயிடப் போவுதுன்னு உட்டுட்டேன்."

யமுனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறு ஏதோவும் வந்தது. அவள் குனிந்து ஸ்குரூவைத் தேடுவது போல் பாவனை செய்தாள்.

கிரீம்ஸ்பேட்டையில் டிவி ரிப்பேர் கடையில் அழுக்கெடுக்கிற ஸ்ப்ரே ஒன்று வாங்கி வந்தார்கள். துணி படாமல், விரல் படாமல், கம்பிமேல் அடித்து அடித்துக் கறையைக் கரைத்தார்கள். கிஷோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தான். கம்பி பளபளத்தது. மாட்டினார்கள். கட்டமஞ்சி வரைக்கும் போய்த் திரும்பினார்கள். நம்பர் மூன்றுக்கு வந்து நின்றது.

வெங்காய டப்பா சமையல்கட்டுக்குத் திரும்பிற்று. கிஷோரின் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, புதுசாக எண்ணெய் போட்டு மாட்டினார்கள். மறுபடி ஒரு ரவுண்டு. ஆறு.

"ஆறுண்ணா," என்றாள் யமுனா, ஜுரம் பார்த்த நர்ஸ் மாதிரி.

"அதுக்கு?"

"அஞ்சுன்னு சார் சொன்னாரு."

"இருபத்திரண்டுல இருந்து ஆறுக்கு வந்தத பாக்க மாட்டியா? ஒரு நம்பருக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு."

"இன்னொரு தபா போலாம். மேடா பார்த்து."

இன்னொரு தடவை போனார்கள். நாலும் ஐந்தும் ஆறுமாக ஆடிற்று. மேட்டில் வண்டி விக்கவில்லை. அழுத்தியதும் கழுத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஏறிற்று. உச்சியில் கிஷோர் வண்டியை ஓரம் கட்டினான்.

"இப்பவாவது சொல்லு."

"வேணாம்ணா. டியூனிங் வேணாம்."

"கண்டிப்பா?"

"காலையிலயே வேணாம்னு சொல்லணும்னுதான் இருந்துச்சு. அதனாலதான் சொல்லல."

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு கியரைப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை இல்லையே என்ற தைரியத்தில் கிஷோர் பானட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரத்னம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி என்ன, ஞாயிறு என்ன.

யமுனா ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

"இன்னாத்துக்கு நிறுத்தன?"

"சாமிக்குப் பொகை போடும்போது அது உறுமிகினு இருந்தா மரியாதையா மா?"

ரத்னம்மா யோசித்தாள். "அதுவும் சரிதான். இத்தினி நாளா சொல்லாம இருந்தீங்களே ரெண்டு பேரும்."

புகை நேராக மேலே போயிற்று. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னிக்கு இழுக்கல," என்றாள்.

"வயிறு ரொம்பிடுச்சு மா," என்றான் கிஷோர்.

பங்காருபாளையத்தில் சந்திரசேகர் ஏறிக்கொண்டான். வாட்டசாட்டமான ஆள், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். வண்டியை அவனே ஓட்டினான். கிஷோர் பக்கத்தில். பின்சீட்டில் யமுனா, மடியில் ஸ்கேனர். மாங்காய் ட்ராக்டர்களைத் தாண்டியதும் மொகிலி ஏற்றம் தொடங்கிற்று. முன்னால் ஒரு லாரி ஆமை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. வளைவு முடிந்து ரோடு நேரானதும் சந்திரசேகர் காலை அழுத்தினான். யமுனா கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி விக்கவில்லை. ஒரே மூச்சில் லாரியைத் தாண்டி மேலே போயிற்று.

"பாகுந்தி," என்றான் சந்திரசேகர். உச்சியில் நிறுத்தியும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "நல்லா இழுக்குது. டியூனிங் எக்கட? பெங்களூரா, சென்னையா?"

கிஷோரின் வாயில் 'பெங்களூர்' வந்து நிற்பதைப் பின்சீட்டிலிருந்தே யமுனாவால் பார்க்க முடிந்தது. இந்த மாதிரி ஆட்களுக்கு டியூனிங் என்றால்தான் வேலை. அது இல்லையென்றால் அவர்கள் கண்ணுக்கு வெறும் மெக்கானிக் ஷெட். ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

கிஷோர் கண்ணாடியில் தங்கையைப் பார்த்தான். "பண்ணல சார். செக் பண்ணிட்டு, தேவையில்லன்னு என் தங்கச்சி சொல்லிடுச்சு."

சந்திரசேகர் திரும்பினான். "நிஜமா சிஸ்டர்?"

யமுனா ஸ்கேனரைக் காட்டினாள். ஐந்து. நல்லவேளையாக ஐந்து.

"சரே. நம்ம வண்டிக்கு கேம் ஷாஃப்ட் மாத்தலாம்னு இருக்கேன். அப்போ அதுக்கும் தேவையில்ல கதா?"

"அதுக்குக் கண்டிப்பா வேணும்," என்றாள் யமுனா. சொன்ன பிறகுதான் அண்ணனின் தோள் இறுகுவதைக் கவனித்தாள். ஆனாலும் பாதியில் நிறுத்த அவளுக்குத் தெரியாது. "எஞ்சின் உள்ள மாத்தினா கம்ப்யூட்டர் தானா சமாளிக்காது. வேலைய அண்ணன் பண்ணும். டியூனிங் இங்க பண்ண முடியாது. பெங்களூருக்குத்தான் எடுத்துகினு போவணும்."

சந்திரசேகர் "ஓஹோ" என்றான். வண்டியைத் திருப்பி மலையிறங்கினான். மண்டி வாசலில் இறங்கி, "வீட்ல கேட்டு செப்தா," என்று பதிலைத் தள்ளிவைத்து, கை கொடுத்துவிட்டுப் போனான்.

சித்தூர் வரைக்கும் கிஷோர்தான் ஓட்டினான். ஊருக்குள் நுழையும்போது, "இன்னும் ஒண்ணு சேத்து சொல்லியிருக்கலாம்," என்றான்.

"இன்னா?"

"எஞ்சினே வேணாம், மாட்டு வண்டி போதும்னு."

"நான் சொன்னது தப்பாண்ணா?"

"தப்பு இல்ல. அதான் கஷ்டம்." அவன் சிரித்தான். "சாப்ட்டுட்டு கிளம்பு. ரயிலுக்கு நேரமாவுது. அம்மா உனக்குன்னு கொள்ளு அரைச்சு வச்சிகினு கீது."

திங்கட்கிழமை முழுவதும் யமுனா ஷோரூமில் பில்களைத் தப்புத் தப்பாகப் போட்டாள். கேம் ஷாஃப்ட்டைப் பற்றி அவள் ஏன் வாயைத் திறந்தாள்? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாமே. ஆனால் அவன் அதைத்தானே கேட்டான்? சாயங்காலம் வகுப்புக்குப் போகும் வழியில் போன் அடித்தது. அண்ணன்.

"செவப்பு வண்டி வந்துச்சு," என்றான். "கேம் ஷாஃப்ட், எல்லாம். வேலை முடிஞ்சதும் டியூனிங்குக்குப் பெங்களூர் போவணுமாம், கூட நீயும் வரணுமாம். வேணும்னும் சொல்லுது, வேணாம்னும் சொல்லுது, அந்தப் பொண்ணு இருக்கட்டும்னு சந்திரசேகரோட நைனா சொன்னாராம்."

யமுனா கோவிந்தராஜ சாமி கோயில் மதில் ஓரமாக ஒதுங்கி நின்றாள். கூட்டம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"கொவைத்துக்கு சொல்லிட்டியா?"

"வரலன்னு சொல்லிட்டேன்."

"எப்போ? செவப்பு வண்டி வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நீ ஒருத்திதான் இப்படிக் கேப்ப," என்றான் கிஷோர். "முன்னாடி. காலையிலயே."

அவள் மதிலில் சாய்ந்துகொண்டாள். பேச்சை மாற்றினாள். "அம்மா எங்க?"

"இங்கதான். புது வண்டி வந்திருக்குதில்ல. மஞ்ச, குங்குமம், சாம்பிராணிக் கரண்டி, எல்லாம் எடுத்துகினு வந்து எதிர்ல நிக்குது."

"அண்ணா. பானட் மூடி கீதா?"

"மூடி கீது. நான் அது மேலதான் உக்காந்துகினு கீறேன்."